ஊருக்குப் போனால் நாயை யார் பார்ப்பது?

இங்கிலாந்தின் கிராமப்புறத்தில் வசிப்பவர்கள் இரண்டு வாரம் வெளியூர் போக நினைத்தால், டிக்கெட் எடுப்பதற்கு முன்பே ஓர் ஆளைத் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. தாங்கள் இல்லாத நாட்களில் வீட்டிலேயே வந்து தங்கி, வீட்டையும் நாயையும் பார்த்துக்கொள்ளும் இவரை அங்கே ஹவுஸ் சிட்டர் என்கிறார்கள். பிரிட்டனில் ஒரு கோடிக்கும் அதிகமான வளர்ப்பு நாய்கள் இருப்பதாக விலங்கு நல அமைப்புகள் கணக்கிட்டிருக்கின்றன. டெவனிலோ யார்க்‌ஷர் டேல்ஸிலோ ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவே நாலைந்து வயல்கள் கிடக்கும்; பிள்ளைகள் லண்டனிலோ மான்செஸ்டரிலோ வேலையில் இருப்பார்கள். சாவியைக் கொடுத்து, "கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போக எல்லோருக்கும் ஆள் வாய்ப்பதில்லை. அதனால் இரண்டு வழிகள் உருவாகியிருக்கின்றன. ஒன்று, நாள் கணக்கில் சம்பளம் வாங்கிக்கொண்டு வருபவர். இப்படி ஆள் அனுப்பும் ஏஜென்சிகள் உண்டு, வருபவர்களில் ஓய்வுபெற்ற தம்பதிகள் பலர். இன்னொன்று, காசு கைமாறாத ஏற்பாடு: வருபவருக்குத் தங்க இடம், வீட்டுக்காரருக்கு நாயைப் பற்றிய கவலையில்லாத விடுமுறை. 2010-இல் பிரைட்டன் நகரில் தொடங்கிய டிரஸ்டட்ஹவுஸ்சிட்டர்ஸ் நிறுவனம் இரு தரப்பிடமும் ஆண்டுச் சந்தா வாங்கிக்கொண்டு அறிமுகம் செய்துவைக்கிறது. காசில்லாத முறை பரவியதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு.

இப்படி ஆள் தேடுபவர்கள் எழுதும் விளம்பரங்களைப் படித்தால் பெரும்பாலும் ஒரே வார்ப்பில் இருக்கும். நாலு படுக்கையறை, விறகு அடுப்பு, ஜன்னலுக்கு வெளியே குன்றுகள், பத்து நிமிட நடையில் ஒரு பழைய பப். இத்தனையும் சொன்ன பிறகு, கடைசி வரியில் அன்பான லாப்ரடார் ஒன்று இருப்பதாகத் தகவல் வரும். கோளாறு இங்கேதான் தொடங்குகிறது என்பது என் எண்ணம். வீட்டின் அழகைச் சொல்லி அழைத்தால் வீட்டின் அழகுக்காக ஆசைப்படுபவரே வருவார். அவர் மனத்தில் இது விடுமுறை. வீட்டுக்காரர் மனத்திலோ இது வேலை. இருவரும் நல்லவர்களாகவே இருந்தாலும் நடுவில் மாட்டிக்கொள்வது நாய்தான். தேடலை நாயிலிருந்து தொடங்க வேண்டும், இந்த நாய்க்கு ஏற்ற ஆள் யார் என்று கேட்க வேண்டும், வீடு அவருக்குக் கிடைக்கும் வசதியாகப் பின்னால் வரட்டும். பொறுப்பான எவரும் ஒரு வீட்டைப் பார்த்துக்கொள்ள முடியும். ஒரு குறிப்பிட்ட நாயைப் பார்த்துக்கொள்ள எல்லோராலும் முடியாது.

நாய் ஆளைத் தேடும் என்பது வளர்த்தவர்களுக்கு எல்லாம் தெரியும். அதை முறைப்படி சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். குழந்தைக்கும் தாய்க்கும் உள்ள பற்றை அளக்க உளவியலாளர் மேரி எய்ன்ஸ்வர்த் வகுத்த சோதனை ஒன்று உண்டு: அறிமுகமில்லாத அறையில் தாயும் வேற்றாளும் மாறி மாறி வருவதும் போவதுமாக இருக்க, குழந்தை எப்படி நடந்துகொள்கிறது என்று கவனிப்பார்கள். 1998-இல் ஹங்கேரி ஆய்வாளர்கள் இதே சோதனையை வளர்ப்பு நாய்களிடம் நடத்தினார்கள். நாய்கள் வளர்த்தவரிடமும் வேற்றாளிடமும் வெவ்வேறு விதமாக நடந்துகொண்டன. அந்த நடத்தை குழந்தை தாயிடம் காட்டும் பற்றை ஒத்திருந்தது. அதற்கு முந்தைய ஆண்டு அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில், ஒரு காப்பகத்துக்கு வந்து சேர்ந்த நாய்களின் ரத்தத்தில் கார்ட்டிசால் என்னும் மன அழுத்த ஹார்மோனை அளந்தார்கள். முதல் மூன்று நாட்களில் அது உயர்ந்திருந்தது. மனிதர் ஒருவர் பக்கத்தில் அமர்ந்து தடவிக்கொடுப்பது அந்த அழுத்தத்தைத் தணிக்கிறது என்று அதே குழுவின் பிந்தைய ஆய்வு காட்டியது. காப்பகம் வேறு, ஊருக்குப் போகும்போது காசு கட்டி நாயை விட்டுச்செல்லும் கென்னல் என்னும் விடுதி வேறு என்பது உண்மைதான். ஆனாலும் புதிய இடம், புதிய சத்தம், புதிய மனிதர் எல்லாம் ஒரே நேரத்தில் வந்தால் நாய்க்குச் சுமை கூடும் என்பதைப் புரிந்துகொள்ள இது போதும்.

நாய்க்குப் பற்று மனிதர்மேல்தான் என்றால் அது சொந்த வீட்டில் இருந்தால் என்ன, கென்னலில் இருந்தால் என்ன என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. சொந்த வீட்டில் இருந்தால் அதன் வாழ்க்கையில் ஒன்றே ஒன்றுதான் மாறுகிறது. படுக்கை, சாப்பாட்டுக் கிண்ணம், சமையலறையில் வெதுவெதுப்பான மூலை, காலை நடையில் முகர்ந்து பார்க்கும் அதே வேலி, எல்லாம் இருக்கின்றன. ஆள் மட்டும் வேறு. அந்த வேற்றாளும் நாய்க்குப் பிடித்தவராக அமைந்துவிட்டால் பாதி பாரம் இறங்கிவிடும். அமையாவிட்டால், சொந்த வீட்டில் இருப்பதன் பயன் பெருமளவு போய்விடும். ஆளின் தேர்வு இவ்வளவு முக்கியமாவது இதனால்தான். கூச்சமில்லாமல் பிற நாய்களோடு விளையாடும் நாய்க்கு நல்ல கென்னலே பொருத்தமாக இருக்கலாம் என்பதையும் சொல்லியாக வேண்டும். வயதான நாய், மருந்து சாப்பிடும் நாய், பயந்த சுபாவமுள்ள நாய், முன்பு கைவிடப்பட்டுத் தத்தெடுக்கப்பட்ட நாய் ஆகியவற்றுக்கு வீடே மேல்.

நகரத்து ஃபிளாட்டில் நாயைப் பார்ப்பதற்கும் கிராமத்து வீட்டில் பார்ப்பதற்கும் நிறைய வேறுபாடு உண்டு. யார்க்‌ஷர் டேல்ஸ், லேக் டிஸ்ட்ரிக்ட், டார்ட்மூர் எல்லாம் செம்மறிகளின் நாடு. தோட்டத்துக் கல்சுவரைத் தாண்டினால் மந்தை மேயும். வசந்தத்தில் ஈன்ற குட்டிகளோடு நிற்கும். நாய் கடிக்கவே வேண்டாம், துரத்தினாலே போதும். சினை ஆடு மிரண்டு ஓடிக் கருவை இழந்துவிடக் கூடும். மந்தையை நாய் துரத்தினால் அதன் உரிமையாளர் மட்டுமல்ல, அந்த நேரத்தில் அதைப் பிடித்து வந்தவரும் குற்றவாளி என்கிறது 1953-ஆம் ஆண்டுச் சட்டம். வேறு வழியில்லாத நிலையில் மந்தையைக் காக்க விவசாயி நாயைச் சுட்டுக் கொன்று, 48 மணி நேரத்துக்குள் போலீசில் தெரிவித்துவிட்டால், நஷ்ட ஈடு கேட்டு வரும் வழக்கில் 1971-ஆம் ஆண்டுச் சட்டம் அவருக்கு அரணாக நிற்கும். பொதுமக்கள் நடமாட அனுமதியுள்ள திறந்த மேய்ச்சல் நிலங்களில் மார்ச் 1 முதல் ஜூலை 31 வரை நாயை இரண்டு மீட்டருக்கு மேல் நீளாத கயிற்றில் பிடித்திருக்க வேண்டும். கால்நடை அருகில் இருந்தால் ஆண்டு முழுவதும் அப்படித்தான். மாடுகளிடம் பாடம் வேறு. கன்றுள்ள பசுக்கள் நாயைக் கண்டால் கூட்டமாகப் பாய்ந்து வரும். அப்போது கயிற்றை விட்டுவிட வேண்டும் என்பதே அரசு வெளியிட்ட கிராமப்புற நடத்தை விதி. நாய் ஓடித் தப்பிவிடும், கயிற்றைப் பிடித்து நிற்கும் மனிதர்தான் மிதிபடுவார். ஆட்டுக்கு அருகே கயிற்றை விடாதே, மாடு துரத்தினால் விட்டுவிடு. இந்த இரண்டையும் ஒரே நடையில் நினைவில் வைத்துச் செயல்படும் நிதானம் வருபவருக்கு இருக்க வேண்டும்.

இன்னும் உண்டு. அக்டோபர் 1 முதல் பிப்ரவரி 1 வரை ஃபெசன்ட் பறவை வேட்டைக் காலம். காலையிலிருந்தே துப்பாக்கிச் சத்தம் கேட்கும். நவம்பர் 5-ஆம் தேதி சுற்றுவட்டாரம் முழுக்க வாணவேடிக்கை. சத்தத்துக்கு மிரளும் நாய் கதவு திறந்திருந்தால் இருட்டில் எங்கேயாவது ஓடிவிடும். ஓடிய நாய் பொதுவாக வீட்டுக்காரரின் குரலுக்குத் திரும்பி வரும். நேற்று வந்தவரின் குரலுக்கு வருமா என்பது சந்தேகமே. இங்கிலாந்தில் 2016 ஏப்ரல் முதல் நாய்களுக்கு மைக்ரோசிப் கட்டாயம், பொது இடத்தில் கழுத்துப்பட்டையில் உரிமையாளர் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும் என்பதும் சட்டம். ஆனால் சிப்பில் பதிந்துள்ள போன் எண்ணுக்கு உரியவர் அந்த நேரத்தில் நடுவானில் இருப்பார். சிட்டரின் எண்ணைக் கழுத்துப்பட்டையில் தற்காலிகமாகச் சேர்த்துத் தொங்கவிடுவது சின்ன வேலை, பலர் செய்வதில்லை. தோட்டத்துக் கொட்டகையையும் ஒருமுறை பார்க்க வேண்டும். நத்தையைக் கொல்ல முன்பு பயன்படுத்திய மெட்டல்டிஹைட் குருணைகளை வெளியிடங்களில் போடுவது 2022-இல் பிரிட்டனில் தடை செய்யப்பட்டது. ஆனாலும் பழைய டப்பா எந்த அலமாரியின் அடியில் கிடக்கிறது என்று யாருக்குத் தெரியும்? காருக்கு ஊற்றும் ஆன்ட்டிஃபிரீஸும் இனிப்புச் சுவை கொண்ட விஷம். நாய் நக்கிவிட்டால் நேரம் அதிகம் இருக்காது.

விடுமுறைக்காக வருபவரின் கணக்கு எங்கே இடறுகிறது என்று பார்ப்போம். நாயை நான்கு மணி நேரத்துக்கு மேல் தனியே விடக் கூடாது என்பது பிரிட்டனின் பெரிய நாய்நல அமைப்பான டாக்ஸ் டிரஸ்டின் அறிவுரை. வென்ஸ்லிடேல் பள்ளத்தாக்கில் ஹாஸ் என்னும் சிற்றூரை எடுத்துக்கொள்வோம். அங்கிருந்து யார்க் நகரத்துக்குக் காரில் போக ஒன்றரை மணி நேரம் பிடிக்கும். போகவர மூன்று மணி. மிச்சம் ஒரு மணி நேரத்தில் வண்டி நிறுத்த இடம் தேடி, யார்க் மின்ஸ்டர் தேவாலயத்தை வெளியிலிருந்து பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். காலையில் ஒரு நடை, மாலையில் ஒரு நடை, நடுவே நான்கு மணி நேரம் என்று கட்டிப்போட்ட நாளில் சுற்றுலா என்பது வீட்டைச் சுற்றியே அமையும். இது சிலருக்குச் சொர்க்கம். படிக்க, எழுத, படம் வரைய, நாயோடு குன்றேற விரும்புபவருக்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது. பத்து நாளில் பத்து ஊர் பார்க்க வந்தவருக்கு இது சிறை. அவர் முதல் இரண்டு நாள் கட்டுப்பட்டு இருப்பார், மூன்றாம் நாள் ஆறு மணி நேரம் போய்வருவார், பிறகு எட்டாகும். வெறுத்துப்போன நாய் கதவைப் பிறாண்டும், ஊளையிடும், கம்பளத்தை நனைக்கும். தப்பு நாயுடையது அல்ல. விளம்பரத்தின் முதல் வரியிலேயே "ஒரு நாளில் நான்கு மணி நேரத்துக்கு மேல் தனியே விட முடியாத நாய்" என்று எழுதியிருந்தால் சுற்றுலா ஆசையுள்ளவர் அங்கேயே விலகியிருப்பார்.

வீடுதானே பெரிய சொத்து, அதைப் பின்னுக்குத் தள்ளலாமா என்று கேட்பார்கள். கிராமத்து வீடு தொல்லை பிடித்ததுதான். எரிவாயுக் குழாய் வராத ஊர்களில் எண்ணெய் பாய்லர். தொட்டியில் எண்ணெய் தீர்ந்தால் மறுநாளே லாரி வந்துவிடாது. கழிவுநீருக்கு செப்டிக் டேங்க். ஈரத்துடைப்பான்களைப் போட்டால் அடைத்துக்கொள்ளும். குளிர்காலத்தில் குழாய் உறையும். 2021 நவம்பரில் வீசிய ஆர்வன் புயலின்போது வட இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் ஆயிரக்கணக்கான வீடுகள் ஒரு வாரத்துக்கும் மேல் மின்சாரம் இல்லாமல் கிடந்தன. இவற்றுக்கெல்லாம் ஒரு நோட்டுப் புத்தகம் போதும் என்பதே என் பதில். எண்ணெய்க்காரர் எண், தண்ணீர் வால்வு இருக்கும் இடம், மின்தடைக்கு 105 என்று எழுதி, படம் எடுத்து ஒட்டி வைத்துவிடலாம். எழுதி வைத்ததைப் பார்த்து எவரும் வால்வை மூடலாம். நாய் காதைப் பின்னுக்கு மடக்கினால் என்ன பொருள் என்பதை எழுதி வைக்கலாம். கவனிக்கும் கண்ணை எழுதி வைக்க முடியாது. இன்னொன்று, வீட்டுக் காப்பீடுகள் பலவற்றில் முப்பது நாட்களுக்கு மேல் ஆளில்லாமல் கிடக்கும் வீட்டுக்குப் பாதுகாப்பு குறைந்துவிடும். ஆள் தங்கினால் அந்தச் சிக்கல் பெரும்பாலும் தீரும், ஆனால் யார் தங்குகிறார் என்று காப்பீட்டு நிறுவனத்திடம் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும்.

சரியான ஆளை எப்படிக் கண்டுபிடிப்பது? பாராட்டுரைகள் அரைகுறையாகவே உதவும். வந்தவரை வீட்டுக்காரர் மதிப்பிடுகிறார், வீட்டுக்காரரை வந்தவர் மதிப்பிடுகிறார் என்கிற அமைப்பில் இருவரும் மனம் நோகாமல்தான் எழுதுவார்கள். முன்பு அமர்த்தியவரிடம் போனில், "எங்கள் நாய் இழுக்கும், கூப்பிட்டால் வராது; அவரால் சமாளிக்க முடியுமா?" என்று நேராகக் கேட்டால் குரலிலேயே பதில் கிடைத்துவிடும். குற்றப் பின்னணி இல்லை என்று காட்டும் அடிப்படைச் சான்றிதழை எவரும் தாமே விண்ணப்பித்துப் பெறலாம். கேட்பதில் அவமரியாதை ஒன்றுமில்லை. எல்லாவற்றையும்விட மேலானது நேரில் சந்திப்பு, முடிந்தால் ஓர் இரவு தங்கல். சமையலறைக்குள் வந்தவரின் காலணியை நாய் முகர்கிறது. உடனே குனிந்து தலையைத் தட்டுகிறாரா, கையைத் தொங்கவிட்டு, பக்கவாட்டில் திரும்பி நின்று, நாய் முகர்ந்து முடிக்கும்வரை பொறுத்திருக்கிறாரா? உட்கார்ந்ததும் வாய் திறந்து கேட்கும் முதல் கேள்வி வைஃபை பாஸ்வேர்டா, நாய் எதற்குப் பயப்படும் என்பதா? பிறகு வழக்கமான பாதையில் கயிற்றை அவர் கையில் கொடுத்துவிட்டு வீட்டுக்காரர் பின்னால் நடக்க வேண்டும். பத்து நிமிடத்தில் நாய் திரும்பித் திரும்பிப் பார்ப்பதை நிறுத்தினால் நல்ல அறிகுறி. எதிரே ஆடு வரும்போது கயிற்றை அவர் தானாகச் சுருட்டிக்கொண்டால் இன்னும் நல்லது.

வீட்டுக்காரரின் நேர்மையும் இதில் சமமாக வேண்டும். ஆள் கிடைக்காமல் போய்விடுமோ என்ற பயத்தில் நாயின் குறைகளை மறைப்பவர்கள் உண்டு. இரவில் குரைக்கும், தபால்காரரைக் கண்டால் பாயும், ஒருமுறை குழந்தையின் கையைக் கவ்வியிருக்கிறது என்பதெல்லாம் சொல்லாமல் விடப்படும். வந்தவருக்கு இது ஆபத்து, நாய்க்கு அதைவிட ஆபத்து. நாய் யாரையாவது கடித்தால் வழக்கு வரும், வழக்கின் முடிவு நாயின் உயிரைக்கூடக் கேட்கலாம். மறைக்காமல் சொன்னால் பத்துப் பேரில் எட்டுப் பேர் போய்விடுவார்கள் என்றே வைத்துக்கொள்வோம். மிஞ்சும் இருவர்தான் தேவை.

கென்னலை உள்ளாட்சி மன்றம் சோதிக்கிறது, சிட்டரை யார் சோதிக்கிறார்கள் என்பது வலுவான ஆட்சேபம். 2018 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி இங்கிலாந்தில் நாய்களைத் தங்கவைத்துத் தொழில் செய்பவர் உரிமம் பெற வேண்டும், ஐந்து நட்சத்திரம் வரை தரமும் வழங்கப்படுகிறது. நாயின் சொந்த வீட்டில் வந்து தங்குபவருக்கு இந்த உரிமம் பொருந்தாது. ஆனால் சட்டம் அவரை விட்டுவிடவும் இல்லை. 2006-ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம், தற்காலிகமாகப் பொறுப்பேற்றவரையும் பொறுப்பாளியாகவே கருதுகிறது; உரிமையாளரின் பொறுப்பும் அதனால் நீங்குவதில்லை. எனவே சோதனை அதிகாரியின் வேலையை வீட்டுக்காரரே செய்ய வேண்டியிருக்கிறது. எழுத்தில் ஓர் ஒப்பந்தம், கால்நடை மருத்துவருக்கு முன்கூட்டியே ஒரு கடிதம்: நான் இல்லாதபோது இவர் அழைத்து வந்தால் சிகிச்சை கொடுங்கள், இவ்வளவு பவுண்டு வரை என் கணக்கில், அதற்கு மேல் என்றால் இந்த எண்ணில் கேளுங்கள், கேட்க முடியாவிட்டால் இவர் முடிவே என் முடிவு. பிரிட்டனில் மனிதர்களுக்கு இலவச மருத்துவம் உண்டு, நாய்க்குக் கிடையாது. நள்ளிரவு அறுவை சிகிச்சைக்கு ஆயிரக்கணக்கில் கேட்பார்கள். காசு கைமாறாத ஏற்பாடு என்பதால் பலர் இவற்றை எழுதக் கூசுகிறார்கள். சம்பளம் இருந்தால் கடமையின் எல்லையைச் சம்பளமே ஓரளவு காட்டிவிடும். இல்லாத இடத்தில்தான் எழுத்து அதிகம் தேவை. வெளிநாட்டிலிருந்து வரும் சிட்டர் என்றால் விசாவையும் பார்க்க வேண்டும். விசிட்டராக வருபவர் வேலை பார்க்கக் கூடாது; தங்கும் இடத்துக்காகச் செய்வதையும் எல்லை அதிகாரி வேலையாகக் கருத இடமுண்டு.

இங்கிலாந்தின் சிற்றூர்களில் மருத்துவர்களாகவும் செவிலியர்களாகவும் பணிபுரியும் தமிழ்க் குடும்பங்கள் பல உண்டு. ஊருக்குப் போனால் அவர்கள் இரண்டு வாரத்தில் திரும்புவதில்லை. நாலைந்து வாரம் ஆகிவிடும். நாயைக் கூட்டிப்போவது எளிதல்ல. இந்தியாவிலிருந்து பிரிட்டனுக்குள் நாய் திரும்ப ரேபீஸ் தடுப்பூசியோடு ரத்தப் பரிசோதனையும் வேண்டும், விமானத்தில் சரக்காகத்தான் வர வேண்டும். லண்டனில் இருக்கும் சித்தப்பாவோ அத்தை மகனோ வந்து தங்கினால் போதாதா என்பது இயல்பான யோசனை. நாயோடு பழகியவர் என்றால் அவரைவிட நல்ல ஆள் இல்லை. நாயைக் கண்டால் நாற்காலியில் காலைத் தூக்கி வைத்துக்கொள்பவர் என்றால், உறவு எவ்வளவு நெருக்கமானாலும் வேண்டாம். பிரியத்தில் நடக்கும் விபத்தும் உண்டு: வெங்காயம், பூண்டு போட்ட குழம்புச் சாதத்தையோ உலர்திராட்சை போட்ட பாயசத்தையோ நம் வீட்டில் நாய்க்கும் ஒரு கரண்டி வைப்பார்கள். வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும், திராட்சை சிறுநீரகத்தைப் பழுதாக்கும். அவற்றின் பெயரை எழுதிக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டிவைப்பது நல்லது.

ஐந்து வாரத்துக்கு ஒரே ஆள் கிடைப்பது அரிது, இரண்டு பேராகப் பிரித்துக்கொள்ளலாம். அப்போது முதலாமவரும் அடுத்தவரும் ஒருநாளாவது சேர்ந்து இருந்து நாயைக் கைமாற்ற வேண்டும். வீட்டுக்காரரும் முதலாமவர் வந்த அன்றே பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பாமல் ஓர் இரவாவது கூட இருக்க வேண்டும். ஆகஸ்டிலும் கிறிஸ்துமஸ் வாரத்திலும் நல்ல சிட்டர்களைப் பழைய வீட்டுக்காரர்களே முன்கூட்டிக் கேட்டு வைத்துக்கொள்கிறார்கள். டிசம்பரில் சென்னைக்கோ மதுரைக்கோ டிக்கெட் பார்ப்பவர், ஈஸ்டர் விடுமுறையில் நாலு நாளுக்கு ஓர் ஆளை வரவழைத்து வெள்ளோட்டம் பார்த்துவிடலாம். சரிப்படவில்லை என்றால் வேறு ஆள் தேட எட்டு மாதம் கையில் இருக்கும்.